நாலாம் லைனுக்கு முப்பத்தொன்பது சிவப்பு

கண்ணு, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் உறை ஒட்டியிருக்கும் இடத்தைப் பார். பசை தடவி ஒட்டி, அதன்மேல் குறுக்காக என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். கோடு கொஞ்சம் விலகியிருந்தாலும் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே எனக்குச் சொல். சிரிக்காதே. போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் பேசும்போது நீ சொல்லும் "ம்ம்"களை நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். நிமிஷத்துக்கு நாலைந்து வந்தால் நீ கேட்கிறாய். பதினைந்து வந்தால் கண் வேறெங்கோ இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தாலும் படித்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்? அதனால்தான் காகிதம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். "உனக்கு சந்தேகம்தான் சாப்பாடு, சோறெல்லாம் சும்மா" என்று உன் அப்பா சொல்வது பொய்யில்லை. தயிர்க்காரி அளக்கும்போது அவள் கட்டை விரலைத்தான் பார்ப்பேன், தயிரை அல்ல. இப்படியே ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. இந்தச் சந்தேகத்தால் ஒருத்திக்கு நான் செய்ததை உன்னிடம் எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அதில் உன் கையெழுத்தும் இருக்கிறது. உனக்கு அது தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து நீ பேசினாய். புது கம்பெனியில் உனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை முடியப் போகிறது என்று குரலில் அவ்வளவு சந்தோஷம். ஏதோ ஒரு பெரிய குடோனில் பார்சல் கட்டுகிறவர்களின் கணக்கு. "பதினோரு பேரு மட்டும் பொருந்தலமா. அவங்க கட்டற பார்சல்தான் ஜாஸ்தி காணாப் போவுது. கை-ஸ்கொயர் போட்டுப் பாத்துட்டேன், சந்தேகமே இல்ல. வெள்ளிக்கிழமை பட்டியல் குடுத்துருவேன்" என்றாய். "குடுத்தா அவங்கள இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதுமா. நான் கணக்கு மட்டும்தான்" என்றாய். அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அன்று "ம்ம்" போட்டது நான்தான். ஏனென்றால் அந்த வாக்கியத்தை நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன்.

அந்தக் கை-ஸ்கொயர் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான், நினைவிருக்கிறதா? வேலூரில் காலேஜ் இரண்டாம் வருஷம். ஒரு பகடையை நூற்றிருபது தடவை உருட்டி, எந்த எண் எத்தனை தடவை விழுந்தது என்று பிராக்டிகல் நோட்டில் எழுதவேண்டும். ஞாயிறு மத்தியானம், நான் சமையல்கட்டில் இருந்தேன். லூடோ பெட்டியிலிருந்த பகடை தரையில் உருளும் சத்தம் பதினைந்து தடவை கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. பேனா ஓடும் சத்தம் மட்டும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டைப் பார்த்தேன். ஒன்று இருபது, இரண்டு பத்தொன்பது, மூன்று இருபத்தொன்று, மிச்சமெல்லாம் இருபது இருபது இருபது. "இன்னாடா, நம்ம வீட்டுப் பகடைக்கு எப்பலேர்ந்து இவ்ளோ ஒழுக்கம் வந்துச்சு?" என்று கேட்டேன். எனக்கு ஒரு ஆறு விழ அரைமணி நேரம் காக்கவைக்கும் பகடை அது. நீ மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி விழித்தாய். அப்புறம் நான் எதிரே உட்கார்ந்து எண்ண எண்ண, நீ நூற்றிருபது தடவையும் உருட்டினாய். ஒன்று பதினேழு, இரண்டு இருபத்துநாலு, மூன்று பதினெட்டு, நாலு இருபத்திரண்டு, ஐந்து பதினாறு, ஆறு இருபத்துமூன்று.

அன்றைக்கு நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பகடை நேர்மையானது என்று முதலில் வைத்துக்கொள்ளவேண்டும். அப்படியானால் ஒவ்வொரு முகமும் இருபது தடவை விழும் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்ததற்கும் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடு. சும்மா கூட்டினால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிடும், அதனால் ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கு. அதை எதிர்பார்த்த எண்ணால் வகு. இருபதில் மூன்று தவறுவது பெரிசு, இருநூறில் மூன்று தவறுவது ஒன்றுமேயில்லை, அதற்குத்தான் இந்த வகுத்தல் என்றாய். ஆறையும் கூட்டினால் 2.9 வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் ஆறு முகத்துக்கு உரிய எண் 11.07, அதுதான் கோடு என்று காட்டினாய். மொத்தம் நூற்றிருபது என்று தெரிந்தபிறகு ஐந்து முகத்தின் எண் தெரிந்தால் ஆறாவது தானாகவே தெரிந்துவிடும், அதனால் ஐந்தாம் வரிசையைப் பார்க்கவேண்டுமாம். நேர்மையான பகடையேகூட நூற்றில் ஐந்து தடவை இந்தக் கோட்டைத் தாண்டிவிடும், அதற்குமேல் தாண்டாது என்றாய். "அப்போ தாண்டலன்னா பகடை நல்லதா?" என்றேன். "இல்லமா. கெட்டதுன்னு சொல்ல நம்மகிட்ட ஆதாரம் இல்ல, அவ்ளோதான்" என்றாய். நீ முதலில் பொய்யாக எழுதினாயே, அதற்குப் போட்டுப் பார்த்தால் 0.1. "இவ்ளோ அழகா பொருந்தினாலும் சந்தேகப்படணும்னு எங்க சார் சொல்லுவாரு" என்று அசடு வழிந்தாய். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என்னைப் போன்றவர்களுக்காகவே யாரோ உட்கார்ந்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று இருந்தது. சந்தேகப்பட ஒரு அளவு, அதற்கு ஒரு அட்டவணை! அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் கேட்டை நீ வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாய். உள்ளே சுவரில் ஒரு பெட்டி உண்டு. வெளியே போகிற ஒவ்வொரு பெண்ணும் அதன் பொத்தானை அமுக்கவேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் திரைக்குப் பின்னால் போய் பையைத் திறந்து காட்டி, உடம்பைத் தடவவிட்டு, பதிவேட்டில் பெயரும் லைன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். தோல் துண்டோ நூல் கண்டோ வெளியே போகக்கூடாது என்பதற்காக. யாருக்கு எரியும் என்று யாருக்கும் தெரியாது, மெஷின் தன் இஷ்டத்துக்கு எரியும் என்றுதான் சொல்வார்கள். தைக்கிற லைன் மொத்தம் ஆறு, லைனுக்கு நாற்பது பெண்கள். ஐந்து லைன் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வாணியம்பாடி பக்கம், ஒடுகத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள். நாலாம் லைன் மட்டும் கம்பெனி மதிலுக்குப் பின்னால் இருக்கும் நம் தெருப் பெண்கள். மத்தியானம் வீட்டுக்குப் போய் ஒரு வாய் தின்றுவிட்டு வரலாம் என்றுதான் நாங்கள் வேலைக்கே சேர்ந்தோம். நான்தான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர்.

திரைக்குப் பின்னால் சோதனை செய்கிறவள் மல்லிகா. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமம், அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டையும் பேன்ட்டும் போட்டு, தொப்பியைச் சரியாக வைத்து, யாரிடமும் பல்லைக் காட்டாமல் நிற்பாள். ஒருநாள் சாயங்காலம் எனக்குச் சிவப்பு எரிந்தது. சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். டப்பாவுக்கு அடியில் உள்ளங்கை அளவு தோல் துண்டு. வெட்டி எறிந்த கழிவுதான். உன் கால்குலேட்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போவாயே, அதற்கு ஒரு உறை தைக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். பதினாலு வருஷ சர்வீஸில் அந்த ஒரு தடவைதான். நீ நம்பினால் நம்பு. மல்லிகா அதை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இத வெளிய எடுத்துக்கினு போவக் கூடாதுக்கா. உள்ள போட்டுட்டு வந்துடு" என்றாள், திரைக்கு வெளியே கேட்காத குரலில். பதிவேட்டில் "ஒன்றுமில்லை" என்று எழுதினாள். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை, அப்புறம் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிக்கவும் இல்லை. எனக்கோ அன்று முதல் அவளைக் கண்டால் ஆகாது. யாரிடமாவது சொல்லியிருப்பாளோ, இல்லை சொல்வதற்கு நாள் பார்க்கிறாளோ என்று ஒரே நினைப்பு. அவள் கேன்டீனில் யாருடனாவது பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்காமல், குற்றத்தைத் தூக்கி அவள் தலையில் வைக்க ஒரு இடமும் தேடியது.

இடம் கிடைத்தது. எங்கள் லைன் பெண்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். "நம்ம லைனுக்கேதான்க்கா எரியுது. நாம இன்னா திருடிக்கினா போறோம்?" மல்லிகா காலுக்கடியில் ஏதோ சுவிட்ச் வைத்து அமுக்குகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். பார்த்தாயா என்று கேட்டால் பார்க்கவில்லை. ஆனால் நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, கணக்கு எடுக்கிறேன் என்று கிளம்பினேன். கேட்டில் கிடக்கும் பதிவேட்டை தினமும் பார்த்து ஒரு மாதத்துச் சிவப்பை எல்லாம் லைன் வாரியாகக் குறித்தேன். மொத்தம் நூற்றிருபத்தாறு. முதல் லைன் பதினாறு, இரண்டு பத்தொன்பது, மூன்று பதினைந்து, நாலு முப்பத்தொன்பது, ஐந்து பதினெட்டு, ஆறு பத்தொன்பது. அந்தத் தாளை உன்னிடம்தான் கொண்டுவந்தேன். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஆறு முகத்துக்குப் பதிலாக ஆறு லைன், அதே 11.07, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "எல்லா லைன்லயும் ஒரே அளவு ஆளுங்களா, மா?" என்று கேட்டாய். "லைனுக்கு நாப்பது பேரு, நானே எண்ணியிருக்கேன்" என்றேன். பொய்யில்லை. லைனுக்கு இருபத்தொன்று என்று எதிர்பார்ப்பு வைத்து நீ போட்டாய், 19.14 வந்தது. கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கீழே உன் கோழிக்கிறுக்கலில் "பொருந்தவில்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டாய். "ஆனா மா, இது பொருந்தலன்னு மட்டும்தான் சொல்லும். ஏன்னு சொல்லாது" என்றாய். "போதும்டா, ஏன்னு எனக்குத் தெரியும்" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போனேன். அந்த 'ஏன்னு எனக்குத் தெரியும்' என்ற திமிரை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஹெச்.ஆர். அறை. ஆபீசர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வர்க்கமும் வகுத்தலும் புள்ளி வைத்த எண்ணுமாக இருந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் போட்டது?" என்றார். "என் பையன் சார், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறான்" என்றேன், பெருமையோடு. "யாரச் சந்தேகப்படறீங்க?" என்றார். பெயரைச் சொன்னேன். மல்லிகாவைக் கூப்பிட்டார். அவள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். ஏன் நாலாம் லைனுக்கு மட்டும் ஜாஸ்தி என்று கேட்டதற்கு, "சார், அவங்க ரெண்டு தபா போறாங்க சார்" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் தெருப் பெண்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை திருட்டுத்தனமாக எதையோ வெளியே கடத்துகிறார்கள் என்று சொல்கிறாள் என்றுதான் என் காதுக்குக் கேட்டது. தோல் துண்டுக் கதையை இப்போது அவிழ்க்கப் போகிறாள் என்றும் பயம். "பாருங்க சார், எவ்ளோ திமிரா பேசுறான்னு" என்று கத்தினேன். தோல் துண்டைப் பற்றி அவள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. இரண்டே நாளில் செக்யூரிட்டி கான்ட்ராக்டர் அவளை நிறுத்திவிட்டார். வேலையை விட்டு நிறுத்திய கடிதத்தோடு நம் தாளின் ஜெராக்ஸையும் பின் அடித்துக் கொடுத்தார்களாம். "அவள இன்னா பண்ணுவாங்க சார்?" என்று நான் கேட்கவில்லை. நான் கணக்கு மட்டும்தானே கொடுத்தேன்.

அடுத்த மாதம் புதிதாக ஒருத்தி வந்தாள். சும்மா இருக்க முடியுமா என்னால்? மறுபடியும் எண்ணினேன். நாலாம் லைனுக்கு நாற்பத்தொன்று. உடனே என்ன நினைத்தேன் என்று நினைக்கிறாய்? இவளும் கள்ளி, போகும்போது மல்லிகா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அதற்கப்புறம் ஒரு வாரம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அந்த வாரம் மத்தியானம் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது, எல்லோருக்கும் கேன்டீனில் சாப்பாடு என்று உத்தரவு. அந்த வாரம் எங்கள் லைனுக்கு நாலே நாலு சிவப்பு. இரண்டாம் லைனுக்கு ஐந்து. பையர்கள் போன மறுநாள் மத்தியானம், வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்பி, வரிசையில் என் முறை வந்து பொத்தானில் கட்டை விரலை வைத்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்றது முழுக்க நாலாம் லைன். வேறு ஒரு முகம்கூட இல்லை. பச்சை எரிந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவள் "போக்கா, பேஜார் பண்ணாத, சோறு ஆறிடும்" என்றாள்.

மற்றவர்கள் சாயங்காலம் ஒரு தடவை அமுக்குகிறார்கள். நாங்கள் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பதிவேட்டில் நேரம் எழுதுவதில்லை. சோறு தின்ன வீட்டுக்குப் போவதை வெளியே போவதாக நாங்கள் யாரும் நினைத்ததேயில்லை, மூச்சு விடுவது மாதிரி அது. நீயும்தான் லீவு நாட்களில் அந்த மத்தியானச் சோற்றை என்னோடு உட்கார்ந்து தின்றவன், உனக்கும் தோன்றவில்லை. பகடைக்கு ஆறு முகமும் சமம். லைனுக்கு ஆள்தான் சமம், அமுக்குவது சமமில்லை. அன்று சாயங்காலம் உன் பழைய நோட்டைப் பார்த்து நானே போட்டேன். ஐந்து லைனுக்கு ஒவ்வொரு பங்கு, எங்களுக்கு இரண்டு பங்கு, ஆகமொத்தம் ஏழு பங்கு. நூற்றிருபத்தாறை ஏழால் வகுத்தால் பதினெட்டு, எங்களுக்கு முப்பத்தாறு. பார்த்தது முப்பத்தொன்பது. வித்தியாசங்களை எல்லாம் கூட்டினால் 1.08. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் 1.08. 11.07 எங்கே, இது எங்கே! மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. சந்தேகப்படவேண்டியது பார்த்த எண்ணை அல்ல, நான் எதிர்பார்த்த எண்ணை. அதை ஒருநாளும் நான் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது என்னுடையது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கண்ணு. எட்டு வருஷம். சொன்னால் தோல் துண்டும் வெளியே வரும், சூப்பர்வைசர் வேலை போகும், உன் காலேஜ் என்ன ஆகும் என்று ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். நீ படித்து முடித்து வேலைக்குப் போனபிறகும் அதே காரணங்களை வைத்திருந்தேன். உன்னிடம்கூடச் சொல்லாததற்கு ஒரே காரணம், நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ என்ற பயம். போன ஞாயிறு நீ "சந்தேகமே இல்ல" என்று சொன்ன குரல் இருக்கிறதே, அது என் குரல். என்னிடமிருந்து உனக்கு வந்தது. அதைக் கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டேன். ஒடுகத்தூர் பஸ்ஸில் வரும் இரண்டாம் லைன் பெண்ணிடம் போனில் ஊர் விசாரித்துக்கொண்டு, மாதனூரில் பஸ் மாறிப் போனேன். மல்லிகா யாருடைய நிலத்திலோ வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேலே சட்டை போட்டிருந்தாள். அது அந்தக் காக்கிச் சட்டை. வெளுத்து, பொத்தான்கள் மாறி, தோளில் ஒட்டுப் போட்டு. நிமிர்ந்து பார்த்து, "நாலாம் லைன் அக்காதான?" என்றாள். வரப்புக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக் கதையைச் சொன்னேன். பங்கு கணக்கையும் சொன்னேன். கடலைச் செடியிலிருந்து மண்ணை உதறிக்கொண்டே கேட்டாள். "அதத்தான்க்கா நான் அன்னிக்கே சொன்னேன், ரெண்டு தபா போறாங்கன்னு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கப்புறம் எந்த கேட்டிலும் அவளை எடுத்துக்கொள்ளவில்லையாம். பழைய வேலையை விட்டு ஏன் நின்றாய் என்று கேட்பார்கள், இவள் கடிதத்தைக் காட்டுவாள், அதோடு முடிந்தது.

வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தாள். நம் தாளின் ஜெராக்ஸ், மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. "ஊரு வாத்தியாருகிட்ட காட்டனேன், எதோ பெரிய கணக்குன்னுட்டாரு. என் பொண்ணு பன்னண்டாவது படிக்கறப்ப காட்டனேன், எங்களுக்கு இது வரலம்மான்னுட்டா. நான் இன்னா தப்பு பண்ணேன்னு இதுல எழுதிக்கீது? நீ படிச்சு சொல்லுக்கா" என்றாள். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். லைன் ஒன்று பதினாறு, லைன் இரண்டு பத்தொன்பது. எதிர்பார்த்தது இருபத்தொன்று. வித்தியாசம், வர்க்கம், கூட்டல். 19.14. பொருந்தவில்லை. "அப்பறம்?" என்றாள். "அவ்ளோதான்" என்றேன். "என் பேரு எங்க?" "இல்ல மல்லிகா." "இல்லியா?" என்று தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள், அங்கே வெறுமையாக இருந்தது. "அப்போ என் பேர யாரு சொன்னது?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். மன்னிப்புக் கேட்டேன்; கொடுத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கொடுத்திருப்பாள் என்று நம்புவதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. "வேலையெல்லாம் வேணாம். என் பேருக்கு நேரா அவங்க எழுதி வெச்சிருக்கறத அடிக்கச் சொல்லு, போதும்" என்றாள். தாளை என்னிடமே கொடுத்தாள். நாளைக் காலை ஹெச்.ஆர். அறைக்குப் போகிறேன். 1.08 கணக்கையும் சொல்வேன், தோல் துண்டையும் சொல்வேன். வேலை போனாலும் போகட்டும், உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "போய்ட்டு வா" என்றார்.

இப்போது உன் பதினோரு பேருக்கு வருகிறேன். பொருந்தவில்லை என்கிறாய். எதோடு பொருந்தவில்லை? எல்லோர் கையிலும் பார்சல் சமமாகத்தான் காணாமல் போகும் என்று எதிர்பார்த்தது யார்? அவர்களில் யார் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்கிறார், யார் மேஜை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, யார் எழுந்து போனதும் அந்த இடத்தில் வேறொருத்தர் உட்கார்ந்து கட்டுகிறார்? உன் கணக்குக்கு இது தெரியாது, கேட்டால் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வது உன் காதுக்குத் திமிராகக் கேட்டால், அப்போதுதான் இன்னும் நன்றாகக் கேட்கவேண்டும். சந்தேகப்படாதே என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் என் வாயிலிருந்து வந்தால் நீயே நம்பமாட்டாய். முதலில் உன்னைச் சந்தேகப்படு என்கிறேன்.

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், வியாழனுக்கு முன்னால் வந்துவிடும். உறைக்குள் இன்னும் ஒரு தாள் இருக்கிறது. ஜாக்கிரதையாகப் பிரி, மடிப்பில் கிழியும். மல்லிகா எட்டு வருஷம் வைத்திருந்தது, முன்பக்கம் உன் கையெழுத்து. அதற்காகத்தான் உறைமேல் கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். பின்பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பட்டியலைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பதினோரு பேரையும் நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் சொல்வதை அங்கே எழுதி எனக்குத் திருப்பி அனுப்பு. கேட்டுட்டேன்மா என்று போனில் சொன்னால் நம்பமாட்டேன். தாள் வரவேண்டும்.

அம்மா